நடுப்பகல் தடைச் சட்டம்

புளியந்தீவுக் கோட்டைக் கொத்தளத்தில்
பதினோரு வருடம் குடை பிடித்தவன் நான்.
எங்கள் நாட்டுச் சட்டம் ஒற்றை வரி:
மன்னர் குடையின் நிழல் விழும் மண்
மன்னருக்கு.

காலையில் நிழல் வாவி தாண்டிப்
படுவான்கரைக்குப் போகும்.
மகிழடித்தீவு, முனைக்காடு,
குடலைப் பருவத்து வேளாண்மை
நின்ற நிலையில் கைமாறும்.
மாலையில் கிறுகி எழுவான்கரைக்கு வரும்:
கல்லடியில் கரைவலைத் தோணிகள்,
காத்தான்குடியில் உதுமாலெவ்வையின் தறி,
நாவற்குடாவில் ஒருமுறை
பிள்ளையோடு சேர்த்து ஒரு தொட்டில்.

காணிக் கந்தோர் ஆட்கள்
வெயில் சாயுமட்டும் வெற்றிலை போடுவார்கள்.
ஐந்து மணிக்குத்தான் கயிறு நீளும்.
ஒரு மூட்டை முந்திரி கொடுத்தால்
உன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும்.
கொடாவிட்டால்
பனையின் நிழலும் குடையின் நிழல் என்று
பதிவாகும்.

நடுப்பகல்தான் தொல்லை.
சித்திரை உச்சியில் நிழல் சுருண்டு
மன்னரின் காலடிக்குள் போய்விடும்.
அந்தக் கொஞ்ச நேரம்
நாடு ஒரு பாய் அளவு.

குடைக்கோயில் வண்ணக்கர்கள் கூடினார்கள்.
நடுப்பகல் தீட்டு என்றார்கள்.
உச்சிமணி அடித்தால் ஊர் கண்மூட வேண்டும்;
மூடாத கண்ணுக்குச் சுண்ணாம்பு.
அந்த வேதவாக்குக்கு விலை
மண்முனையில் இருநூறு ஏக்கர்,
காலை நிழல்.

நான் மூட முடியாது.
மூடினால் குடை சரியும்,
குடை சரிந்தால் ராசத்துரோகம்.
மன்னரும் மூடிக்கொண்டுதான் இருப்பார்,
தூக்கமோ பயமோ, தெரியாது.

மறுகா ஒரு வழக்கு வந்தது.
முனைக்காட்டுக் கனகநாச்சி,
நண்டு பிடிக்கிறவள்,
அரை ஏக்கர் வட்டையைக் காலையில் இழந்தவள்.
பிறக்கிராசி வைக்கக் காசில்லை.
தானே எழும்பிப் பேசினாள்:
“விடிய அளந்தா அவருக்கு.
பொழுதுபட அளந்தா எனக்கு.
நடுவில என்ன நடக்குதெண்டு
கண் திறந்து பார்த்த ஆள் ஒருத்தன் இருக்கான்.
குடைகாரனைக் கூப்பிடுங்க.”

கூண்டில் ஏறினேன்.
உச்சியில் உன் கண் திறந்திருந்ததா
என்றார் நீதவான்.
திறந்திருந்தது என்றால் கோயில் குற்றம்.
மூடியிருந்தது என்றால் கோட்டைக் குற்றம்.
நொத்தாரிசு பாலிப்போடி
பேனையை மையில் தோய்த்துக்கொண்டே
இரண்டு விரலைத் தேய்த்துக் காட்டினான்.
என்னிடம் இருந்தது
என் பெண்சாதியின் மூக்குத்தி மட்டும்.

“ஒரு கண் சட்டத்துக்கு,
ஒரு கண் சாமிக்கு” என்றேன்.

சபை சிரித்தது.
சேவகர்கள்கூடச் சிரித்தார்கள்.
கனகநாச்சி சிரிக்கவில்லை.
முந்தானையால் கையைத் துடைத்தாள்,
நண்டு கடித்த தழும்புள்ள கை.
அவள் கேட்டது சாட்சி.
நான் கொடுத்தது பகிடி.

எந்தக் கண் எதற்கு என்று தீர்மானிக்க
ஒரு குழு போட்டார்கள்.
மூன்று மாதம் படிக்காசு வாங்கி
இரண்டு கண்ணும் குற்றவாளி என்றது குழு.
வட்டையைப் பற்றித் தீர்ப்பில்
ஒரு சொல் இல்லை.

இப்போது கோட்டையின் கீழறை.
சுண்ணாம்புக் கொந்தராத்துக்குக்
கல்குடாச் சூளைக்காரர் மூவர் போட்டி.
யார் கூடக் கொடுப்பது என்று முடியவில்லை.
இந்த நாட்டின் லஞ்சத்தால்
எனக்கு இன்னும் பார்வை இருக்கிறது.

புதுக் குடைகாரன் பிறவிக் குருடனாம்.
கோயிலுக்கும் பொருந்துகிறான்
கோட்டைக்கும் பொருந்துகிறான்.
கச்சான் காற்று எழும்பும் காலம் வருகிறது,
யாரும் அதை அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சுவரில் ஒரு வெடிப்பு.
அதன் வழியே வாவி, ஒரு கீற்று.
மணி அடிக்கிறது.
கரையெல்லாம் கண் மூடுகிறது.
ஒரு தோணி மட்டும் நிற்காமல் போகிறது,
தண்டு விழுகிறது, எழுகிறது,
நண்டுக்கூட்டை ஒருத்தி தூக்கிப் பார்க்கிறாள்.

கேட்க ஆளில்லாத இடத்தில்
சாட்சி சொல்கிறேன், கனகநாச்சி:
ஒரு பாய் அளவு.
அதிலும்
ஒரு மூலை கிழிசல்.